கரடிக்கு இன்னும் இரண்டு காட்சி

யாரோ சைகலின் தோள்களைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். "அழு பொண்ணே. வாய் விட்டு அழு. அப்பா கேட்டுக்கிட்டுத்தான் இருப்பார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூடாரத்தின் மரச்சட்டங்கள் அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. நனைந்த கம்பளியில் ஆட்டு வாடை. வலப்பக்கம் அம்மா பூருல், இடப்பக்கம் அத்தைகள் இரண்டு பேர், எல்லோரும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா துருஸ்பெக் படுத்திருந்தார். ஐந்துமாடிக் கட்டடங்கள் நான்கின் நடுவே, கார்கள் நிறுத்தும் இடத்தில், விடியும்போதே அந்தக் கம்பளிக் கூடாரத்தைப் போட்டுவிட்டார்கள். பிஷ்கெக்கில் மார்ச் மாதத்து ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது.

அம்மா இடுப்பில் கைவைத்து ஒப்பாரி சொன்னாள். "ஒத்தக் காலில் பூட்ஸு மாட்டி உக்காந்தவரே, மறுகால் பூட்ஸை எனக்கு விட்டுப் போனவரே…"

அது உண்மைதான். சனிக்கிழமை காலை ஸ்டூடியோவுக்குக் கிளம்பியவர், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைப் போட்டார். மறுபூட்ஸைக் கையில் எடுத்தார். சமையலறையிலிருந்து அம்மா ஐந்து நிமிஷம் திட்டிக்கொண்டே இருந்தாளாம், "கயிறு கட்ட எவ்வளவு நேரம்? கல்யாணத்துக்கா போறீங்க?" என்று. பதில் வராததால் கரண்டியோடு வந்து பார்த்திருக்கிறாள்.

சைகல் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்து வயிற்றிலிருந்து தள்ளிப் பார்த்தாள். எட்டு வருஷமாக மற்றவர்களுக்கு அழச் சொல்லிக் கொடுப்பதுதான் அவள் வேலை. வெளிநாட்டுப் படங்களைக் கிர்கிஸ் மொழியில் பேச வைக்கும் அப்பாவின் ஸ்டூடியோவில், நடிகர்களுக்கு அவள்தான் வசனம் எழுதினாள், பக்கத்தில் நின்று திருத்தினாள்.

"வரலையா?" என்று ஒரு அத்தை இன்னொருத்தியிடம் முணுமுணுத்தாள்.

"படிச்ச பொண்ணு. வெக்கமா இருக்கும்."

வெட்கமில்லை, பயம். அவள் கோட்டின் உள்பையில் நான்காக மடித்து, விளிம்பில் ஸ்டேப்ளர் பின் அடித்த காகிதம் ஒன்று இருந்தது. அசைந்தால் சரசரத்தது. அந்தச் சத்தம் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று அவள் முதுகை விறைப்பாக வைத்திருந்தாள்.

ஜனவரியிலிருந்து சனிக்கிழமைதோறும் அவள் ஒரு பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். படம் எடுப்பவர்கள், பாட்டு போடுபவர்கள், பை தைப்பவர்கள், கார்ட்டூன் வரைபவர்கள் என்று கலையை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கான பத்து வார வகுப்பு. செலவைக் கணக்கிடுவது, ஒப்பந்தம் படிப்பது, ஆளை வேலைக்கு எடுப்பது. அப்பாதான் அனுப்பினார். "எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலை. மூணு தடவை திவாலாகிக் கத்துக்கிட்டேன். நீ உக்காந்தபடியே கத்துக்க" என்றார்.

ஏழாவது வாரம் குடும்பத் தொழில். பயிற்சி நடத்திய ரகத் என்ற பெண் கேட்டாள்: "நாளைக்கு முதலாளி வரலைன்னா கடையை யார் திறப்பாங்க?" எல்லோரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்க. நிறைய வீடுகள்ல இந்தக் கேள்வியை முதலாளிக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்கறாங்க." ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். முதலாளியே எழுத வேண்டும், அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பிரித்துப் பேச வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில் சைகல் அதை அப்பா முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"என்னை எப்போ புதைக்கலாம்னு உங்க டீச்சர் கேக்கறாளா?"

அம்மா பாய்ந்து வந்து காகிதத்தைப் பிடுங்கினாள். கெட்டது அண்டாமலிருக்க இடது தோள் பக்கம் மூன்று தடவை துப்பினாள். "இந்த வீட்டுல இதை எழுதக்கூடாது! உசுரோட இருக்கிற மனுஷனுக்கு வாரிசு எழுதறதா? நீயே வலியக் கூப்பிடறியா அதை?"

"சும்மா பாடம்தானேம்மா."

"பாடத்துல உங்க டீச்சர் அப்பன் பேரை எழுதச் சொல்லு."

அப்பா சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டூடியோவில் அதை மடித்து, பின் அடித்து, அவள் கையில் கொடுத்தார். "வகுப்புல போய்ப் பிரி. இங்க பிரிச்சா உங்கம்மா என்னைத் துப்பியே நனைச்சுடுவா."

சனிக்கிழமை தேநீர் இடைவேளைக்குப் பிறகு அவள் முறை. எழுந்து முன்னால் போய் நின்று பின்னை நகத்தால் நெம்பியபோது செல்போன் அதிர்ந்தது. அம்மா. அவள் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது.

எழுதிக் கொடுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை, அவர் போய்விட்டார். கூடாரத்தில் உட்கார்ந்திருந்த சைகலின் மனசுக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒப்பாரியில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். பூட்ஸைச் சேர்த்தவள் காகிதத்தையும் சேர்க்கலாம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சைகல் காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த பயம். தம்பி உலார்பெக்கின் பெயர் இருந்தால் அவளுடைய எட்டு வருஷம் போயிற்று. தன் பெயர் இருந்தால், துக்க முறைப்படி வெளியே ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கும் அத்தனை ஆண்களின் முன்னால் அதைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உலார் வந்தான். ரஷ்யாவில், நொவோசிபிர்ஸ்கில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவனுக்கு. ஆறு வருஷமாக அங்கேதான். டாக்சி முற்றத்தின் முனையில் நின்றது பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் சுவரைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருந்தார்கள். மகன் தூரத்திலிருந்தே கதறிக்கொண்டு வர வேண்டும் என்பது முறை.

"ஐயோ என் அப்பாவே! என் மலையே!"

கூடாரத்துக்குள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒப்பாரியை நிறுத்தினார்கள். கனமான, அடியில் கொஞ்சம் கரகரக்கும் குரல். இருபது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகள் திரைகளில் கேட்ட குரல். துருஸ்பெக்கின் குரல் வெளியிலிருந்து கூடாரத்தை நோக்கி நடந்து வந்தது.

சின்ன அத்தை சைகலின் கையை இறுக்கிப் பிடித்தாள். அம்மா பாதி எழுந்துவிட்டாள். அவள் முகம் காகிதம்போல வெளுத்தது. பிறகு யாரோ "உலார், உலார் வந்துட்டான்" என்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சைகல் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தொலைபேசியில் மட்டும் கேட்ட தம்பியின் குரல் எப்போது இப்படி ஆனது?

திங்கட்கிழமை பகல் தொழுகை முடிந்ததும் ஆண்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. முற்றத்தில் பெரிய சட்டியில் போர்சோக் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மாவு எண்ணெயில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூடாரத்துக்குள் அம்மாவும் சைகலும் மட்டும் இருந்தார்கள். திரையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அப்பா கிடந்த இடம் வெறும் இடமாக இருந்தது.

"அந்தப் பேப்பர் எங்க?" என்றாள் அம்மா.

சைகல் உள்பையில் கைவிட்டாள். அடுப்புக்குப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்தாள். நீட்டினாள்.

"எங்கிட்ட எதுக்கு? கண்ணாடி இல்லை. படி."

"இன்னும் நான் பிரிக்கலைம்மா."

"பிரி."

நெம்பும்போது பின்னின் முனை நகத்துக்குள் ஏறியது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. சைகல் கிசுகிசுப்பாகப் படித்தாள். அவ்வளவுதான் தொண்டை விட்டது. மூன்று மாதம் நீங்கள் இல்லாவிட்டால் முடிவெடுப்பவர் யார் என்று படிவம் கேட்டிருந்தது. அதற்கு அவர், 'மூன்று மாதம் நான் எங்கே போகப்போகிறேன்?' என்று எழுதியிருந்தார். அம்மாவின் உதடு துடித்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. அடுத்த உரிமையாளர் என்ற இடத்தில் 'சைகல்'. அவருக்கு இன்னும் என்ன பயிற்சி தேவை என்பதற்கு, 'கோபப்பட. வசனத்தை மோசமாகப் பேசிவிட்டு வரும் நடிகனுக்கும் நன்றி சொல்கிறாள்.' இந்த முடிவைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டீர்களா? 'இல்லை.' இல்லையென்றால் காரணம்?

சைகல் நிறுத்தினாள்.

"என்ன எழுதியிருக்கார்?"

"பயம்னு எழுதியிருக்கார். அவ்வளவுதான்."

அம்மா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"என் பேரை எழுதலையா?"

"எதுக்கு உங்க பேரை?"

"அவருக்கு என்னடி பயம்? எனக்குத்தான். போன வருஷமே உங்கிட்ட சொல்லிடறேன்னார். நான்தான் வாயைத் திறக்காதீங்கன்னேன். இங்க தனக்குன்னு ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சா உலார் எதுக்கு வருவான்? அங்கயே எவளையாவது கட்டிக்கிட்டு, வருஷத்துக்கு ஒரு போட்டோ அனுப்புவான். ஸ்டூடியோ இருக்கு, ஸ்டூடியோ இருக்குன்னு சொல்லித்தான் அவனை இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்தேன்."

"அம்மா, நான் இதைக் கொண்டு வந்ததாலதான் அப்பா…"

அம்மா அவள் கையிலிருந்து அதை வாங்கினாள். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். சைகலின் கோட்டைத் திறந்து உள்பையில் வைத்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல, கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு ஆண்கள் திரும்பினார்கள். மூன்றாம் மாடி வீட்டில் தரையில் விரிப்பு போட்டு, கறியும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். அப்பாவின் அண்ணன் சாதிர், நாரினிலிருந்து வந்தவர், விரிப்பின் தலைப்பக்கம் உட்கார்ந்தார். உலார் அவருக்குப் பக்கத்தில். அம்மா சமோவார் அருகே இருந்து தேநீர் ஊற்றினாள். வழக்கம்போல அரைக் கோப்பைக்கும் குறைவாக ஊற்றி, காலியானதும் வாங்கி மறுபடி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோவின் ஒலிப்பதிவாளர் மிர்லான் வந்திருந்தார். அவரோடு தோக்தோகானும் வந்திருந்தாள். நாற்பது வருஷம் மேடையில் நடித்தவள். கார்ட்டூன்களில் கிழவி, சூனியக்காரி, தவளை எல்லாம் அவள்தான்.

மூத்தவரை அண்ணன் என்று மதிக்கும் 'பைகே' போட்டு, மிர்லான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "சாதிர் பைகே, தப்பா நினைக்காதீங்க. இந்த நேரத்துல பேசற விஷயமில்லை. கரடி கார்ட்டூன் படம் நாளைக்குச் சாயங்காலம் கம்பெனிக்குப் போய்ச் சேரணும். வர்ற வாரம் நோரூஸ் பண்டிகைக்கு வெளியாகுது. எல்லாம் முடிஞ்சிருச்சு, துருஸ்பெக் பைகே பேசின கரடிக்கு மட்டும் இன்னும் ரெண்டு காட்சி பாக்கி."

"வேற யாராவது பேசட்டும்."

"நடுவுல குரல் மாறினா பசங்க கண்டுபிடிச்சுருவாங்க. படத்தை அனுப்பின கம்பெனிக்காரங்ககிட்ட பேசினேன். அவங்க சொல்றாங்க, பழைய பதிவுகளை எல்லாம் கொடுத்தா கம்ப்யூட்டர்லயே அவர் குரலைச் செஞ்சுருவாங்களாம். இந்த ரெண்டு காட்சிக்கு மட்டுமில்லை, இனிமே வர்ற படங்களுக்கும். ஒரு கையெழுத்து போதும். முதலாளி கையெழுத்து." அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரிப்பின் மேல் வைத்தார். வைத்த கை உடனே பின்வாங்கியது.

"செத்தவன் வாயில வார்த்தையைத் திணிக்கறதா? மண்ணு இன்னும் காயலை" என்றாள் தோக்தோகான்.

"ஏம்மா கத்தறே?" என்றார் சாதிர். "என் தம்பி குரல் சாகாம இருக்கும். நல்லதுதானே? முதலாளின்னா இனிமே உலார்தான். ஆம்பளைப் பிள்ளை உக்காந்திருக்கான். உலார், போடு."

யாரோ பேனாவை நீட்டினார்கள். உலார் வாங்கிக்கொண்டான். விரல் நகங்களில் இடுகாட்டு மண் இருந்தது. அவன் தாளைப் பார்த்தான், பிறகு கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தான். "எஜே," என்றான், "எனக்கு இதெல்லாம் தெரியாது. போடலாமா?"

அறையே அவள் பக்கம் திரும்பியது. ஒப்பந்தம் பற்றிய நான்காவது வார வகுப்பு நினைவுக்கு வந்து, உடனே மறந்தது. கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் இரண்டு நாளாக ஆனதுபோல வெறும் காற்றுதான் வரும் என்று நிச்சயமாக நினைத்தாள்.

"போடாதே."

அது அவள் குரலாகவே இல்லை. துருப்பிடித்த கீல்போல இருந்தது. ஆனால் கேட்டது.

"என்ன?" என்றார் சாதிர்.

"கையெழுத்து போடக்கூடாது, பெரியப்பா. போட்டா அப்பா குரல் அவங்களோடது. நாளைக்கு வோட்கா விளம்பரத்துல பேச வெச்சாலும் நாம கேக்க முடியாது." மூச்சு வாங்கினாள். "காலையில ஏழு மணிக்குப் பதிவு. மிர்லான், நீங்க வந்துருங்க. கரடிக்கு உலார் பேசுவான்."

"நானா?" என்றான் உலார்.

"துக்க வீட்டுல, புதைச்ச மறுநாளே, கார்ட்டூனுக்கு டப்பிங்கா?" சாதிரின் முகம் சிவந்தது. "இதைச் சொல்ல நீ யார்?"

சைகலின் கை கோட்டுப் பொத்தானுக்குப் போனது. திறக்கவில்லை, அதைப் பிடித்தபடி நின்றாள். அந்தக் காகிதம் வகுப்புப் பாடம்தான், சட்டப்படி ஒன்றுமே இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சொன்னால் அதுவும் சரிதான்.

அப்போது அம்மா சாதிரின் காலிக் கோப்பையை வாங்கினாள். சமோவாரின் குழாயைத் திறந்தாள். தேநீர் பாதிக்கு வந்தது, குழாயை மூடவில்லை. முக்காலுக்கு வந்தது, விளிம்புக்கு வந்தது. சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நிறைந்த கோப்பையை விருந்தாளிக்குக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். சாதிர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோக்தோகான் ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து அவசரமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"பூருல்" என்றார் அவர் கடைசியில்.

"சூடா இருக்கு. பாத்துக் குடிங்க" என்றாள் அம்மா.

மிர்லான் தாளை எடுத்து மறுபடி பையில் வைத்தார்.

ஸ்டூடியோ தெருமுனைக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த இரண்டறை வீடு. செவ்வாய்க்கிழமை காலை அக்காவும் தம்பியும் சேறான பனியில் நடந்து போனார்கள். கதவருகே நின்று சைகல் பொத்தானைத் திறந்தாள். "இதைப் படி" என்றாள். வாசல்படியில் பாதியிலேயே நின்று அவன் படித்தான். இரண்டு தடவை படித்தான். அவன் திட்டுவான், இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்போ நான் திரும்பி வந்தா எனக்கு இங்க என்ன வேலை?" என்றான்.

"தெரியலை உலார்."

"அம்மாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தான். "வியாழக்கிழமை விமானம். லீவு அவ்வளவுதான்."

"சரி. உள்ள வா, ஷூவைத் துடை. முதல்ல இதைப் பேசி முடிப்போம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மெத்தை ஒட்டிய சின்ன அறையில் உலார் நின்றான். ஹெட்போன் அப்பாவின் தலைக்கு அளவு வைத்தது. அவனுக்குச் சரியாக இருந்தது. இந்தப் பக்கம் மிர்லான் பொத்தான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நடுவில் இருந்த அப்பாவின் நாற்காலியில் சைகல் உட்காரவில்லை. அதன் பின்னால் நின்றாள். மிர்லான் அவளையும் நாற்காலியையும் பார்த்தார். பிறகு அவள் உட்கார்ந்தாள்.

முதல் வசனம் சுலபமானது. குகைக்குள் குட்டிகள் விளையாடுகின்றன, கிழட்டுக் கரடி திரும்பிப் பார்த்து, "கதவைச் சாத்துங்கடா, குளிருது" என்கிறது. உலார் கரடி வாயை மூடிய பிறகு பேசினான். இரண்டாவது தடவை முன்னாலேயே பேசிவிட்டான். மூன்றாவது தடவை சரியான இடத்தில் ஆரம்பித்து, 'குளிருது' என்ற சொல்லில் குரல் உடைந்தது. மிர்லான் பதிவை நிறுத்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் உலார் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு அவளைப் பார்த்தான். ஆறு வயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டபோது இப்படித்தான் பார்த்தான்.

"பரவாயில்லையா எஜே? இது போதுமா?"

நன்றி, போதும் என்று சொல்ல அவள் வாய் பழகியிருந்தது. மைக் பொத்தானை அழுத்தினாள். விரல் வழுக்கியது, மறுபடி அழுத்தினாள்.

"போதாது. அழறே நீ. கரடிக்குக் குளிருது, அவ்வளவுதான். வேற ஒண்ணும் அதுக்குத் தெரியாது."

"சரி."

"இன்னொரு தடவை."

"எப்போ ஆரம்பிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"நான் கையைக் காட்டறேன்."

மிர்லான் காட்சியைப் பின்னுக்கு ஓட்டினார். அவள் கையைத் தூக்கினாள். அது காற்றில் நடுங்கியது; நடுங்குவது தம்பிக்குத் தெரிந்தது, மிர்லானுக்கும் தெரிந்தது. அவள் இறக்கவில்லை. குட்டிகள் ஓடின. திரையில் கிழட்டுக் கரடி மெல்லத் தலையைத் திருப்பி, சத்தமில்லாமல் வாயைத் திறந்தது.